பாலா, நெத்தோலியா?

2025 ஜனவரி 12, காலை

தக்கலை வாசகர் கேட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: "உலகம் முழுக்க நனிசைவத்துக்கு மாற வேண்டும் என்கிறார்கள். மீன், இறைச்சி மட்டுமல்ல. பால், தயிர், முட்டை, தேன் எதுவும் ஆகாதாம். நான் பிறந்ததிலிருந்து சைவம். பாலில் என்ன கொலை இருக்கிறது? முதலில் மீன் தின்கிற ஊர்களில் போய் இதைச் சொல்லட்டும். நம் குமரி மாவட்டத்தில் இது நடக்கிற காரியமா?"

கடைசிக் கேள்வியைப் பிறகு எடுக்கிறேன். பாலில் என்ன கொலை என்ற நடுக் கேள்விதான் என்னைத் தைத்தது.

நான் குலசேகரம் பக்கம். ஒன்றரை ஏக்கர் ரப்பர், அறுபது மூடு வாழை, தொழுவத்தில் ஒரு மாடு. இருபத்திரண்டு வருடமாக மாடு இல்லாமல் எங்கள் வீடு இருந்ததில்லை. 2009இல் வெள்ளச்சி என்றொரு கலப்பினப் பசு இரண்டாவது ஈற்றில் ஆண் கன்று போட்டது. பதினோராம் நாள் கன்று செத்துப்போனது. அன்று மாலை வெள்ளச்சி மடி இறக்கவில்லை. மறுநாள் காலையும் இல்லை. மடி கல்லாக இறுகிவிட்டது. கறவைக்காரர் கன்றின் தோலை உரித்து, உப்புத் தேய்த்து, உள்ளே வைக்கோல் திணித்து, சாக்குத் தைக்கும் ஊசியால் தைத்துக் கொண்டுவந்தார். நான்கு கம்புகள்தான் கால். அதைத் தாயின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். வெள்ளச்சி முகர்ந்தது. நக்கத் தொடங்கியது. கழுத்துத் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே வந்தது. அந்த வைக்கோலையும் சேர்த்து நக்கியது. மடி இறங்கிவிட்டது. நான்கு லிட்டர் கறந்தோம். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மகள். அப்போது எட்டு வயது.

அந்தத் தோல் நான்கு மாதம் தொழுவத்தின் உத்தரத்தில் தொங்கியது. காலையும் மாலையும் இறக்குவோம், ஏற்றுவோம்.

வீட்டில் வாரம் நான்கு நாள் மீன் வாங்குகிறோம். ஒரு நாளும் நெத்தோலியை (நெத்திலி மீனை) பார்த்து எனக்கு அப்படி ஆனதில்லை. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊரில் பாலைவிட நெத்தோலிக்குக் குற்றம் குறைவு. தவறென்றால் திருத்துங்கள்.

ஜனவரி 12, இரவு

"நனிசைவம்" என்ற சொல் புரியவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நனி என்றால் மிகுதி. வீகன் என்பதற்குத் தமிழில் புழங்கும் சொல் அது. வீகன் என்ற சொல்லுக்கும் வயது அதிகமில்லை. 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் சேர்ந்து உண்டாக்கியது. பாலும் முட்டையும் உண்ணும் சைவர்களிடமிருந்து தங்களைப் பிரித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஆக, இந்த இயக்கம் பிறந்ததே பாலைப் பற்றிய சண்டையில்தான். தக்கலை நண்பர் கவனிக்க வேண்டுகிறேன்.

ஜனவரி 15

இன்று மாட்டுப் பொங்கல். தொழுவத்தைக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

"ஒரு கன்று செத்ததை வைத்துப் பால் முழுவதையும் குற்றம் சொல்லலாமா" என்று நாகர்கோவில் வாசகர் கேட்டிருக்கிறார். நியாயம். சாகாத கன்றுகளின் கதையைச் சொல்கிறேன்.

பசு பால் தர வேண்டுமென்றால் ஈன வேண்டும். சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். கறவை பத்து மாதம் ஓடும். ஏறத்தாழ ஆண்டுக்கொரு கன்று; பாதிக்குப் பாதி ஆண். இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் தொழுவத்தில் பிறந்த ஆண் கன்றுகள் எட்டு. ஒன்று செத்தது. ஏழை விற்றோம். வாங்கினவர் லாரியில் ஏற்றிக் கேரள எல்லை தாண்டிக் கொண்டுபோனார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கோடு மாட்டிறைச்சி விரும்பி உண்ணும் ஊர்தான் இது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுச் சாயாவும் அவர்கள் வீட்டுக் கறியும் ஒரே மாட்டிலிருந்து வருகின்றன. இரண்டில் ஒன்று மட்டும் தூய்மை என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் அப்பா காலத்தில் இப்படி இல்லை. அப்பாவுக்குத் திருவட்டாறு பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகம். உழுவதற்கு ஒரு ஜோடி காளை. ஆண் கன்று பிறந்தால் அப்பா மகிழ்ச்சியாக இருப்பார். ஏருக்கு ஆள் வந்துவிட்டது என்பார். வண்டிக்கும் வேண்டும், பரம்படிக்கவும் வேண்டும். கிடாரியைவிடக் காளைக்கு விலை கூடுதல் கிடைத்த நாட்களை நானே பார்த்திருக்கிறேன். டிராக்டர் வந்தது, பவர் டில்லர் வந்தது, வயல் போய் ரப்பரும் வாழையும் வந்தன. காளைக்கு வேலை போயிற்று. ஆனால் பால் மட்டும் பெருகிக்கொண்டே போனது. 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கி, 1998இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடத்துக்கு வந்தது. 2023-24இல் ஏறத்தாழ 23.9 கோடி டன். அத்தனை பாலுக்கும் பின்னால் அத்தனை ஈற்று. பிறந்த ஆண் கன்றுகளெல்லாம் எங்கே? நம் ஊர் ரோட்டில் ஒரு காளையைப் பார்த்து எத்தனை நாளாகிறது?

ஏர் இருந்தவரை பாலுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஏர் போன நாளிலிருந்து அது இல்லை. இதை எழுதும்போதே எனக்குத் தெளிவாகிறது. முன்பு இப்படி யோசித்ததில்லை.

ஜனவரி 17

நாகர்கோவில் நண்பர் குறளோடு வந்திருக்கிறார்: "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்." தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை. நனிசைவர்கள் இன்று சொல்லும் வாதம் முழுவதும் இந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வள்ளுவர்தான் காதலியின் வாயூறலைப் "பாலொடு தேன்கலந் தற்றே" என்கிறார். நனிசைவர் விலக்கும் இரண்டு பொருளும் ஒரே வரியில்! கடலுக்குள் 133 அடியில் நிற்கும் அவரை இரண்டு தரப்பும் தங்கள் பக்கம் இழுக்கலாம்.

கொஞ்சம் யோசித்தபின் சேர்க்கிறேன்: அது காமத்துப்பாலில் வரும் உவமை, உணவு விதி அல்ல. இருந்தாலும் அந்தக் காலத்துப் பாலில் கறை தெரியவில்லை என்பதற்கு அது சாட்சி. காளை ஏரில் பூட்டியிருந்த காலம் அது.

ஜனவரி 19

மீனுக்கு வருகிறேன். குளச்சலிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்காவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து முதல் பஸ்ஸில் வருவார். நேற்று அவரிடம் இந்தப் பேச்சை எடுத்தேன். உலகத்தில் எல்லோரும் மீனை விட்டுவிட வேண்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது அக்கா, என்றேன். அவர் சாளையை (மத்தி மீனை) எண்ணிக்கொண்டே, "விடட்டும். எங்களுக்கு எந்த வயலைத் தருவார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

அந்தக் கேள்விக்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. நீரோடியிலிருந்து சின்னமுட்டம் வரை கரையைப் பாருங்கள். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் கல்லணை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் வழி. ஒரு முருங்கை நடவும் மண் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே அடித்தது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு தட்டு மீனுக்குப் பின்னால் மீனின் உயிர் மட்டுமல்ல, மனிதரின் உயிரும் இருக்கிறது. அது மீனுக்கு எதிரான வாதமா, ஆதரவான வாதமா என்று இரவெல்லாம் யோசித்தேன். இரண்டும்தான்.

நெத்தோலியை யாரும் கட்டிப்போட்டு வளர்ப்பதில்லை. அதன் தாயை ஏமாற்றுவதில்லை. வலையில் விழும் நேரம்வரை அது அதன் வாழ்வை வாழ்ந்திருக்கிறது. நெத்தோலிக்குக் குற்றம் குறைவு என்று நான் சொன்னது இதனால்தான்.

ஜனவரி 20

என் மகள் நேற்றையதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து போனில் பேசினாள். இரண்டரை வருடமாக நனிசைவம் அவள். அந்த டார்ச் விளக்கைப் பிடித்த கையை அவள் மறக்கவில்லை. "அப்பா, காற்றில்லாமல் மூச்சு முட்டிச் சாவதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு மாடு ஒரு குடும்பத்துக்குப் பத்து வருடம் பால் தருகிறது. ஒரு கிலோ நெத்தோலியில் எத்தனை உயிர், எண்ணியிருக்கிறீர்களா?" என்றாள்.

இன்று எண்ணினேன். கால் கிலோவை முறத்தில் கொட்டி எண்ணியதில் நூற்றுக்கும் மேலே போனது. தலை கிள்ளிக்கொண்டிருந்த என் மனைவி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். அவளும் கொஞ்ச நேரம் பேசாமல் கிள்ளினாள்.

உயிரை எண்ணிக்கையால் அளந்தால் என் வாதம் தோற்றுவிடும். துன்பத்தின் காலத்தால் அளந்தால் நிற்கும். எதால் அளப்பது என்பதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு. நான் காலத்தின் பக்கம் நிற்கிறேன், மகள் எண்ணிக்கையின் பக்கம்.

ஜனவரி 27

சுற்றுச்சூழல் பற்றிக் கேட்பவர்களுக்கு. 2018இல் ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் இருவரும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளைக் கணக்கிட்டது. உலகின் விளைநிலத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் 83 சதவீதம் கால்நடை உணவுக்குப் போகிறது. அதிலிருந்து கிடைப்பதோ 18 சதவீதக் கலோரியும் 37 சதவீதப் புரதமும்தான். நனிசைவத்தின் பலமான வாதம் இது.

ஆனால் அதே ஆய்வில் ஒரு லிட்டர் பாலுக்கு 3 கிலோ சொச்சம் கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் என்றால், ஒரு கிலோ அரிசிக்கு நாலரை கிலோ. நீர் தேங்கிய வயலிலிருந்து வரும் மீத்தேன் காரணம். பாலை நிறுத்து என்பவர்கள் சோற்றையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 28

நேற்று பாலையும் அரிசியையும் ஒப்பிட்டு எழுதியது தவறு. தக்கலை நண்பரே திருத்தியிருக்கிறார்; பாலை ஆதரித்து வந்தவர் தன் தரப்புக்கு எதிராகவே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், அந்த நேர்மைக்கு வணக்கம். பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு லிட்டரில் சுமார் 650 கலோரி. ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,500. ஆயிரம் கலோரிக்கு எவ்வளவு என்று பார்த்தால் அரிசி ஒன்றேகால் கிலோ வெளியேற்றுகிறது, பால் ஐந்து கிலோவை நெருங்குகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டது என் பிழை.

இன்னொன்று. அந்த 83 சதவீதம் உலகக் கணக்கு. என் மாடு தின்பது வைக்கோல், வாழைத்தண்டு, ரப்பர் மூட்டுப் புல், தேங்காய்ப் புண்ணாக்கு. இதில் வாழைத்தண்டைத் தவிர எதையும் மனிதர் தின்பதில்லை. அதற்காகக் காட்டை அழித்துச் சோயா விதைக்கவில்லை. சாணம் அறுபது மூடு வாழைக்கும் போகிறது. மட்டிப் பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மட்டி மூட்டில் சாணம் போடுவதையும் யூரியா போடுவதையும் ஒன்றாக எடைபோட முடியாது. எரிவாயுவிலிருந்து வருவது யூரியா. மாட்டை ஒழித்தால் மண்ணுக்கு என்ன பதில்? நனிசைவர்கள் இதற்குப் பசுந்தாள் உரம் என்கிறார்கள். கொளுஞ்சி விதைத்துப் பார்த்திருக்கிறேன், நல்லதுதான். ஆனால் சாணத்தின் இடத்தை முழுவதும் பிடிக்கவில்லை.

கறக்காத மாடும் சாணம் போடும் என்று மகள் ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறாள். உண்மை. கறக்காத மாட்டுக்குத் தீவனக் காசு யார் தருவது என்பதுதான் மிச்சம்.

பிப்ரவரி 2

"நம் சமையலில் பாலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். எல்லாமே மிஞ்சும்! புட்டும் பயறும் பப்படமும். மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும். தீயல், எரிசேரி, இஞ்சிக்கறி, மாங்காய் போட்ட அவியல். சக்கைக்குருவும் முருங்கைக்காயும். முந்திரிக்கொத்து. தேங்காய்ப்பாலில் செய்த அடைப் பிரதமன். நம் அடுக்களையில் பால் நுழையும் வாசல்கள் இரண்டுதான்: சாயா, மோர். தேங்காய் இருக்கும் ஊரில் பாதாம் பாலைப் பாக்கெட்டில் வாங்கச் சொல்பவர்கள் நம் ஊரைத் தெரியாதவர்கள்.

ஆனால் தேங்காய்ப்பாலில் புரதம் மிகக் குறைவு. சோயாப்பால்தான் அதில் பசும்பாலுக்கு அருகே வருகிறது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, முருங்கைக் கீரை இருக்கிறது. புரதத்துக்குப் பயறை விட்டால் வழியில்லை.

கிழங்கோடு மீன் சேர்ந்ததும் தற்செயல் அல்ல. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது எங்கள் பாட்டி குடும்பத்தைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். நூறு கிராமில் புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாத கிழங்கு. பக்கத்தில் இரண்டு சாளை இல்லையென்றால் அந்தத் தலைமுறை எப்படி எழுந்து நின்றிருக்கும்? ஏழையின் தட்டிலிருந்து மீனை எடுப்பதற்கு முன் அங்கே பயறை வைக்க வேண்டும். வைத்த பிறகு பேசலாம்.

பிப்ரவரி 16

ரப்பர் இலை உதிர்ந்து, செம்புத் தளிர் விட்டிருக்கிறது. தேன் பெட்டிகள் தோட்டத்துக்கு வந்துவிட்டன. ஆகவே தேன்.

ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதல்ல. தளிர் இலைக்காம்பில் மூன்று இலையும் சேரும் முடிச்சில் ஒரு துளி மினுங்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். தேனீ எடுப்பது அதைத்தான். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி மையம் 1920களில் பெட்டித் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தது; அதிலிருந்து தொழில் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1991-92இல் சாக்குப்புழு வைரஸ் வந்து பெட்டி பெட்டியாக அழிந்ததை நேரில் பார்த்தேன். கதவடியில் வெள்ளைப் புழுக்களைத் தேனீக்களே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். வளர்த்தவர்கள் அழுதார்கள். பணம் போனதற்கு மட்டுமல்ல.

நனிசைவர்கள் தேனை விலக்கும் காரணம் எனக்குப் புரிகிறது: அது ஈயின் சேமிப்பு, நம்முடையதல்ல. மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்கிறோம். எடுத்த பொன்னுக்குப் பித்தளை. ஆனாலும் தேனீக்குக் கதவு திறந்தே இருக்கிறது. பெட்டி பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு பறந்து போய்விடும், போயிருக்கிறது. மாட்டுக்குக் கயிறு இருக்கிறது. தேனைப் பாலோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

மார்ச் 9

இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். என் அம்மாவுக்கு 78 வயது. இரண்டு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது என்றார். செருப்பு நழுவுவதே தெரியவில்லை. கடந்த வாரம் குளியலறைப் படியில் விழுந்துவிட்டார், எலும்பு முறியவில்லை. இரத்தப் பரிசோதனையில் நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் அளவு 140 வந்தது. 200க்குக் கீழே போகக் கூடாது.

எனக்கு முதலில் வந்தது மகள்மீது பயம். பாட்டிக்கே இப்படியென்றால் பால்கூடத் தொடாதவளுக்கு எப்படி இருக்கும்? அன்றிரவே போனில் சத்தம் போட்டுவிட்டேன். இந்த உணவு முறை உடம்பைத் தின்றுவிடும், விட்டுவிடு மக்களே, என்றேன்.

மார்ச் 14

மகள் சென்னையில் பரிசோதித்து அனுப்பினாள்: 410. வாரம் ஒரு மாத்திரை இரண்டரை வருடமாகத் தவறாமல் போடுகிறாள்.

பத்து வருடமாக அம்மா மீன் தொடுவதில்லை. அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புக்கு மாலை போட்டுப் போய்வந்தவர், உயிர்ப்பலியைத் தடுத்தவர் அய்யா, இனி எனக்கு ஓர் உயிர் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். பால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவருடைய இரண்டு சாயாவிலும் சேர்த்து அரை டம்ளர் பால்கூட இல்லை. அதில் பி12 அரை மைக்ரோகிராம் இருக்கும். நாளுக்குத் தேவை இரண்டுக்கு மேல். போதாததற்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின். அதுவும் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும் என்று டாக்டர் விளக்கினார். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடம் தாங்கும், பிறகு ஒரு நாள் தீரும்.

ஆபத்தில் இருந்தது அறிந்து மாத்திரை போட்ட நனிசைவக்காரி அல்ல. பால் காப்பாற்றும் என்று நம்பிய சைவக்காரி. மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். சைவ வீடுகளில் இருக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: வயதானவர்களுக்குப் பாதம் மரத்தால் வயது என்று விட்டுவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள். ஊசி போட்டு ஐந்து நாளில் அம்மா தானாகக் கிணற்றடிவரை நடந்தார்.

பி12 செடியிலிருந்து கிடைப்பதில்லை என்பது நனிசைவத்துக்கு எதிரான வாதம்தான், மறைக்க வேண்டாம். அதை உண்டாக்குவது நுண்ணுயிர். மாட்டின் வயிற்றில் இருந்தாலும் மருந்துத் தொழிற்சாலைத் தொட்டியில் இருந்தாலும் அதே நுண்ணுயிர் வேலைதான். அயோடின் உப்பை ஏற்றுக்கொண்ட நாம் இதையும் ஏற்கலாம். ஆனால் மாத்திரை எல்லோருக்கும் எட்டும்வரை "எல்லோரும்" என்று சொல்லக் கூடாது. கர்ப்பிணிகளை நினைத்தால் இன்னும் கவனமாகப் பேச வேண்டும்.

ஏப்ரல் 20

விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று அக்கானி (பதநீர்) வாங்கினோம். விடுமுறைக்கு வந்திருந்த மகள் டம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு எதிலிருந்து? சிப்பியைச் சுட்டு எடுப்பது. அப்படியானால் இது நனிசைவமா?

அம்மா சொன்னார்: "மக்களே, சிப்பிக்குள் இருந்தது போய் வெறும் ஓடு கரை ஒதுங்கியது அது. குடி." மகள் குடித்தாள். அவர்கள் இயக்கத்தின் வரையறையிலேயே இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை என்று ஒரு சொல் இருக்கிறதாம். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. குளச்சல் அக்காவுக்கு இயன்றது வேறு, எனக்கு இயன்றது வேறு.

ஜூன் 3

ஜூன் 1 முதல் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15இல் தொடங்கியது ஜூன் 14இல் முடிகிறது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம்.

கடியபட்டணத்து வாசகர் ஒருவர் நீண்ட பதில் எழுதியிருக்கிறார். நான் மீனுக்கு அளவுக்கு மேல் இடம் கொடுத்துவிட்டேன் என்கிறார், அதுவும் மீன் பிடிக்கும் குடும்பத்திலிருந்து. சிறு வள்ளத்தில் போகிறவர் பிடிப்பதும் விசைப்படகின் இழுவை மடி (இழுவலை) அள்ளுவதும் ஒன்றா என்று கேட்கிறார். அடியோடு வாரி வரும் குஞ்சு மீனெல்லாம் கழிவு என்று தனியே கொட்டப்பட்டு, மீன்தூள் ஆகி, கோழித் தீவனத்துக்குப் போகிறது. கோழி தின்பவரும் மீன் தின்கிறார், தெரியாமல். கேரளக் கடலில் சாளை 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் கிடைத்தது. 2021இல் வெறும் 3,297 டன். கடல் சூடானதும் காரணம், குஞ்சை அள்ளியதும் காரணம். பிறகு ஓரளவு திரும்பி வந்தாலும் அந்தப் பயம் போகவில்லை என்கிறார்.

ஏற்கிறேன். ஜனவரியில் நெத்தோலி என்று பொதுவாக எழுதியது பிழை. கரைமடியில், வள்ளத்தில், உரிய கண்ணி அளவுள்ள வலையில் வந்த நெத்தோலி என்று எழுதியிருக்க வேண்டும். எங்கள் தெருவுக்கு வருவது எது என்று அக்காவிடம் இனி கேட்டு வாங்குவேன்.

பண்ணைக் கோழியை நான் இதுவரை பேசவே இல்லை. பேச ஒன்றுமில்லை. நாற்பது நாளில் கால் தாங்காத எடைக்கு ஊதவைத்து அறுப்பதற்கும், முட்டைக் கோழியின் ஆண் குஞ்சை முதல் நாளே கொல்வதற்கும் என்னிடம் எந்த நியாயமும் இல்லை. வீட்டில் நிறுத்திவிட்டோம்.

ஜூன் 22

"கடைசியில் நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று தக்கலை நண்பர் கேட்கிறார்.

மே 30 அன்று எங்கள் பசு ஈன்றது. ஆண் கன்று, நெற்றியில் வெள்ளை. லாரிக்காரர் வந்தார், கொடுக்கவில்லை. இரண்டு காம்பு கன்றுக்கு, இரண்டு காம்பு எங்களுக்கு. சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். மாதம் வந்துகொண்டிருந்த காசு போனது என் மனைவிக்கு வருத்தம்தான், அது அவள் கையில் நின்ற ஒரே பணம். அதற்குப் பதிலாக வாழைக்குலை விற்ற பணம் இனி அவள் கணக்குக்குப் போகும் என்று பேசி முடித்திருக்கிறோம். எல்லா வீட்டிலும் இப்படி முடியாது. ஒற்றை மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய் நான் இதைச் சொல்ல மாட்டேன்.

சினை ஊசிக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடும் கன்றும் தொழுவத்திலேயே இருக்கும். சாணம் வாழைக்கு.

பால் இன்னும் எட்டு, ஒன்பது மாதம் வரும். அதன் பிறகு அம்மாவின் சாயாவுக்கு என்ன வழி என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. கட்டன் (பால் விடாத சாயா) அவருக்கு இறங்காது. தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்துவிடுகிறது. அடுப்பை அணைத்தபின் ஊற்றிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஆறினால் மேலே எண்ணெய் மிதக்கிறது. இரண்டாம் பாலில் போட வேண்டுமா, முதல் பாலிலா? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.